வேடியப்பனைக் குளிர வைத்த நாள்

பெங்களூரா மாமரத்துக்கு மார்கழியில் தண்ணீர் விடக்கூடாது. விட்டால் பூ எடுக்காது, வெறும் கொழுந்தாகத் தள்ளிக்கொண்டு போகும். இது தெரியாமல் ஓசூரிலிருந்து வந்து தோட்டம் வாங்கியவர்கள் சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பிறகு பங்குனியில் மரத்தைத் திட்டுவார்கள். என் தோட்டத்தில் இந்த வருடமும் பூ கொத்துக் கொத்தாக நிற்கிறது. நீங்கள் வேப்பனப்பள்ளிப் பக்கம் ரோந்து வரும்போது பார்த்திருப்பீர்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'மனம் உறுத்தியதால் தானாக முன்வந்து' என்று எழுத ஆரம்பிக்காதீர்கள். எனக்கு எதுவும் உறுத்தவில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது. அந்தக் கல் விஷயத்தில் நான் செய்ததை இன்னொரு முறை செய்யச் சொன்னாலும் செய்வேன். உண்மை ஒன்று இருக்கிறது, அது ஆள் மாறிப் போய் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யத்தான் வந்தேன்.

என் பெயர் நாராயணப்பன். பெயரைச் சொல்லி எங்கள் ஊரில் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. மணியக்காரர் என்பார்கள். அந்தப் பதவியை அரசாங்கம் எடுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் ஊர் எங்களிடமிருந்து எடுக்கவில்லை. தை மாதம் எருது விடும்போது எங்கள் வீட்டு எருதுதான் முதலில் வேடியப்பனைச் சுற்றும். வேடியப்பன் என்றால் கோயில், கோபுரம் என்று நினைக்காதீர்கள். மார்பு உயரத்துக்கு ஒரு பலகைக் கல், அதில் வில் பிடித்த ஒருவன், அவன் காலடியில் மாடுகள், தலைக்கு மேலே கோணல் மாணலாக எழுத்துகள். மாட்டுக்காகச் சண்டையில் செத்த எவனோ ஒரு வீரன். அவன் எங்கள் வம்சத்து ஆள் என்றுதான் என் அப்பா சொன்னார், அவர் அப்பாவும் சொன்னாராம்.

எங்கள் எருது சுற்றி வந்த பிறகு மற்ற எருதுகளை விடுவார்கள். கொம்பில் பரிசு மாட்டிய தட்டி கட்டி ஓடவிட்டு, பையன்கள் துரத்திப் பிடித்து, எல்லாம் முடிந்ததும் காலனிப் பெண்கள் ஆளுக்கொரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் மேல் ஊற்றுவார்கள். சண்டை போட்டுச் சூடேறிக் கிடப்பவனைக் குளிர வைக்கிறார்களாம். அதற்காகக் காலையிலேயே குடங்களில் வேப்பிலை போட்டு நிரப்பிப் புளியமரத்தடியில் வரிசையாக வைத்துவிடுவார்கள். நாங்கள் தொடங்கி வைப்போம், அவர்கள் முடித்து வைப்பார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது.

சௌமியா என்று ஒரு பெண், கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவள், போன தைக்கு முந்தின கார்த்திகையில் வந்தாள். நல்ல பெண். கல்லை நாரால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி எழுத்துகளைப் படியெடுத்தாள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, தாளைப் பிடிப்பது எல்லாம் காலனித் தமிழரசன். ஓசூரில் வண்டிக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவன், அன்று அவனுக்கு லீவு. மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவி சரோஜம்மாள் களியும் கோழிக் குழம்பும் செய்திருந்தாள்.

"அங்கிள், ரொம்ப அருமையான கல்லு. ஒரு எழுத்துகூட செதையல" என்றாள். "செத்தவன் பேரு மாறன். ஊர்த்தலைவன் கிட்ட வேலை செஞ்ச ஆளு. மாட்டை ஓட்டிட்டுப் போனவங்களைத் தொரத்திப் போய், மீட்டுக் குடுத்துட்டுச் செத்திருக்கான். அவன் ரத்தத்துக்கு ஈடா ஏரிக்குக் கீழ இருக்கற நிலத்தை அவன் வாரிசுங்களுக்குக் குடுத்தேன்னு தலைவன் எழுதி வெச்சிருக்கான்."

"அப்ப நாங்க?" என்று கேட்டாள் சரோஜம்மாள்.

"நீங்க அந்தத் தலைவன் வம்சமா இருக்கலாம் ஆன்ட்டி."

"சண்டை நடக்கறப்போ தலைவன் எங்க இருந்தானாம்?"

"வீட்ல இருந்திருப்பான்" என்று அந்தப் பெண் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள்.

நானும் சிரித்துக்கொண்டே, அப்படியானால் அந்த மாறனுடைய வாரிசுகள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "செத்தவனுக்குத் தண்ணி ஊத்தறது யாரு அங்கிள், சொந்தக்காரங்கதானே. வருஷா வருஷம் காலனிப் பொம்பளைங்கதான் ஊத்தறாங்கன்னு சொல்றீங்க. கல்லு சொல்றதும் அவங்க செய்யறதும் ஒண்ணாதான் இருக்கு" என்றாள். வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்த தமிழரசன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். சாயங்காலத்துக்குள் அது ஊரில் இருக்கிற எல்லா போனுக்கும் போய்விட்டது.

ஏரிக்குக் கீழே இருப்பது என் மாந்தோப்பு. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். ஆயிரம் வருடத்துக் கல்லைக் காட்டி நிலம் கேட்டால் எந்தக் கோர்ட்டும் கொடுக்காது, அது எனக்கும் தெரியும், தமிழரசனுக்கும் தெரியும். அவன் நிலத்தைக் கேட்கவும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் நாலைந்து பேரோடு என் வாசலுக்கு வந்தான். மற்றவர்கள் மணியக்காரரே என்பார்கள், அவன் மட்டும் சார் என்பான்.

"சார், சண்டைக்கு வரல. இந்த வருஷம் மொத எருது எங்களுது சுத்தட்டும். அடுத்து உங்களுது. அவ்ளோதான் கேக்கறோம்."

"கல்லுல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிட்டா எங்க தாத்தன் எருது புடிச்சான்?" என்றேன்.

"உங்க தாத்தன் படிக்கல சார். அதான் சொல்றோம்."

மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை.

நீங்கள் பாரம்பரியம், தொல்பொருள் என்று சட்டப் பிரிவு போட்டிருக்கிறீர்கள். நான் கிரானைட் தொழில் செய்தவன். எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மலை இருந்தது, அதில் வெள்ளைச் சாயத்தில் யானையும் ஆளும் வரைந்த ஒரு குகை இருந்தது. சர்க்கார் முத்திரையோடு குத்தகை கொடுத்தார்கள், நான் அறுத்தேன். அந்த மலை இப்போது எந்தெந்த ஊர்ச் சமையலறைகளிலோ மேடையாகக் கிடக்கிறது. அப்போது யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, பொன்னாடை போர்த்தினார்கள். ஆகவே ஒரு பலகைக் கல்லுக்காக என்னிடம் நியாயம் பேச யாருக்கும் அருகதை இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தொழிலில் ஃப்ளேமிங் என்று ஒரு வேலை உண்டு. பாலிஷ் போட்டால் வழுக்கும் இடங்களுக்குச் சொரசொரப்பான கல் கேட்பார்கள். பலகையின் முகத்தில் நெருப்பைக் காட்டி, சூடாக இருக்கும்போதே தண்ணீரை விட்டால் மேல்தோல் பொரிந்து கொட்டிவிடும். வெறும் நெருப்பு கல்லை ஒன்றும் செய்யாது, கரிதான் பிடிக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். வெறும் தண்ணீரும் ஒன்றும் செய்யாது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். இது என் யூனிட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ரகசியம் இல்லை.

எருது விடும் நாளுக்கு முந்தின தினம், ஓட்டப்பாதையில் தடுப்பு வைக்க என் ஷெட்டிலிருந்து பழைய டிராக்டர் டயர்களை இறக்கச் சொன்னேன். வருடா வருடம் செய்கிற ஏற்பாடு. இந்த முறை வேடியப்பனைச் சுற்றிலும் கொஞ்சம் அதிகமாக அடுக்கச் சொன்னேன். எருது மோதிக் கல் சாய்ந்துவிடக் கூடாது என்று காரணம் சொன்னேன். கல்லுக்குப் பாதுகாப்பு என்றதும் காலனிப் பையன்களே சந்தோஷமாக வந்து அடுக்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் இரண்டு எருதுகள் எதிரெதிரே நின்றன. எங்கள் எருதின் கயிறு என் கையில், அவர்கள் எருதின் கயிறு தமிழரசன் கையில். நடுவில் திம்மராயன் வந்தான். காலனி ஆள், என் தோப்பில் வெகுகாலம் கவாத்து வேலை பார்த்தவன். "மணியக்காரரே, ரெண்டையும் ஒண்ணா உடுங்க. ஒரே சுத்தா சுத்தி வரட்டும். அவனுக்கு ரெண்டு மாடும் ஒண்ணுதான்" என்று சொன்னான். நல்ல யோசனைதான். எங்கள் பக்கத்திலேயே தலையாட்டினார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் கயிற்றைக் கையில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அடுத்த நிமிடம் பார்த்தால் எல்லோரும் தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வைக்கோல் போருக்குள்ளிருந்து அரிவாள் எடுத்தார்கள். அவர்கள் பைக் சீட்டுக்குக் கீழேயிருந்து கம்பெனி இரும்புக் கம்பிகளை உருவினார்கள். கல்லில் செதுக்கியிருந்த சண்டையை அந்தக் கல்லின் கண்ணெதிரிலேயே நடத்திக் காட்டியது போல் இருந்தது. ஒரு சின்னப் போர் என்று சொன்னால் மிகையில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மணியக்காரர் தோளில் இருக்கிற துண்டை எடுத்து உயர்த்திப் பிடித்தால் எருது விடுவதை நிறுத்துவார்கள், தகராறாக இருந்தாலும் நிற்பார்கள். நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அப்பா துண்டை உயர்த்தியதும் ஓங்கிய கழி அப்படியே இறங்கியது. இந்தச் சண்டையிலும் எத்தனையோ பேர் அடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். துண்டைத் தூக்க மாட்டாரா என்று பார்த்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நான் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திம்மராயன் விழுந்தது அந்தச் சமயத்தில்தான். யார் வெட்டினார்கள் என்பது வேறு கேஸ், அதில் நான் இல்லை. அவன் ஓசூர் ஆஸ்பத்திரியில் செத்தபோது செலவை நான் ஏற்றுக்கொண்டேன்.

மைக் செட்டுக்காக வைத்திருந்த ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் கேன் இருந்தது. வெட்டும் குத்துமாக இருக்கும்போது சாமியை யார் பார்க்கிறார்கள். டயர்களின் மேல் ஊற்றினேன், பற்ற வைத்தேன், பழைய இடத்துக்கு வந்து நின்றேன். கறுப்புப் புகை ஏறியபோது காலனிக்காரன் கொளுத்திவிட்டான் என்று இவர்களும், இவர்கள் கொளுத்திவிட்டார்கள் என்று அவர்களும் நினைத்துக்கொண்டு இன்னும் மூர்க்கமாக அடித்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது கொஞ்சம் அவகாசம். கல் நன்றாகச் சூடேற வேண்டுமே. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நெருப்பின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கத்தினேன். "ஐயோ, வேடியப்பன் எரியறான், தண்ணி கொண்டாங்க தாயீ" என்று கத்தினேன். அந்தக் கூச்சலில் அது யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் குடத்தோடு வந்தால் எங்கள் ஊரில் ஆண்கள் வழி விடுவார்கள். அன்றும் விட்டார்கள். அரிவாள் பிடித்தவன், கம்பி பிடித்தவன், எல்லோரும் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கி நின்றார்கள். புளியமரத்தடியிலிருந்து குடங்கள் வந்தன. முன்னால் ஓடிவந்தது கெம்பம்மா, தமிழரசனின் அம்மா, கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். திம்மராயன் அவள் கூடப் பிறந்த தம்பி, அக்காவைத் தொட்டு வந்து காலனியிலேயே தங்கிவிட்டவன். அவன் வழியில் கிடந்தான். அவனைப் பார்த்தாள், ஒரு நொடி நின்றாள், தாண்டிக்கொண்டு சாமிக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஓடிய பெண்களில் என் மனைவியும் இருந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு குடம் இருந்தது. அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

கெம்பம்மா ஊற்றினாள். சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அடுத்த குடம், அதற்கடுத்த குடம். ஆவி விலகியபோது கல் நின்றுகொண்டுதான் இருந்தது, முகம் இல்லை. வில் இல்லை, மாடுகள் இல்லை, எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓடு ஓடாகப் பெயர்ந்து கீழே மஞ்சள் தண்ணீரில் கிடந்தன. அவ்வளவு சுத்தமான வேலையை என் யூனிட்டில்கூட நான் பார்த்ததில்லை.

சண்டை அதோடு நின்றுபோனது. கெம்பம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "தப்பாய்த்து சாமி, தப்பாய்த்து" என்று கன்னடத்தில் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் போனேன். "நீ இன்னா பண்ணுவ கெம்பம்மா. உன் கை, உன் தண்ணி. சாமிக்கு ஆவல போல" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் தன் கையை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பது போல் பார்த்தாள்.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி, டயரை அடுக்கியவன் என்று தமிழரசனைப் பிடித்தார். டயர் என் ஷெட்டிலிருந்து எனக்குத் தெரியாமல் போனது என்று நான் அவர் காதில் மட்டும் சொன்னேன், அதற்கு மேல் அவர் யாரையும் கேட்கவில்லை. கேஸ் என்றதும் கம்பெனியில் அவனை நிறுத்திவிட்டார்கள், இப்போது ஜாமீனில் இருக்கிறான். சௌமியா வந்து அந்தச் சில்லுகளைப் பொறுக்கிச் சேர்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். மைப்படி அவளிடம் இருக்கிறது, இருக்கட்டும். கல் இல்லாத இடத்தில் காகிதம் வெறும் காகிதம். எல்லாம் நான் நினைத்தபடியே முடிந்திருந்தது.

அப்புறம்தான் ஊர் புத்தி கெட்டுப் போனது. கெம்பம்மா தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், கல்லை உடைத்தது நான்தான், என் மகனை விடுங்கள் என்று கும்பிட்டிருக்கிறாள். உங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போம்மா என்று அனுப்பிவிட்டார்கள். தினமும் விடியலில் போய் அந்த மொட்டைக் கல்லுக்கு முன்னால் நின்றாள். தண்ணீர் ஊற்றாமல் சும்மா நின்றாள். வேடியப்பன் கல்லை விட்டு இறங்கி அவள் கைக்குள் போய்விட்டான் என்று முதலில் சொன்னது யாரோ, எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்டது என் வீட்டுச் சமையலறையில். சரோஜம்மாள் பால்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கூடப் பொறந்தவன் உசுருக்கு ஊசலாடறப்போ சாமிக்குத் தண்ணி எடுத்துகினு ஓடுச்சே அந்தம்மா, அதான் அவன் வந்துட்டான்" என்றாள். அதுவரை கெம்பம்மாவை அவள் 'அவ' என்றுதான் சொல்வாள்.

இந்தத் தையில் எருது விட நீங்கள் அனுமதி கொடுக்கவில்லை, சரிதான். மாடுகளைக் குளிப்பாட்டி, சும்மா நடத்திக்கொண்டு மட்டும் போனார்கள். எங்கே போனார்கள் தெரியுமா, காலனிக்கு. கெம்பம்மா வீட்டு வாசலுக்கு. எங்கள் தெருக்காரர்கள், என் பங்காளிகள், எல்லோரும். அவளைச் சுற்றி எருதுகளை ஓட்டிவந்தார்கள். "எனுக்கு வேணாம் தாயீ, நானு ஒடைச்சவ, என்னை உடுங்க" என்று அவள் கூனிக் குறுகி அழுதாள். அழ அழ அவர்கள் இன்னும் விழுந்து கும்பிட்டார்கள். எங்கள் வீட்டு எருதின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனது சரோஜம்மாள். மஞ்சள் தண்ணீரை எடுத்துக் கெம்பம்மா காலில் ஊற்றினாள். நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். நெருப்பு வைத்தது நான், ஃப்ளேமிங் என்றால் இப்படி, கல்லில் தண்ணீர் பட்டால் இப்படி, இதில் சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று விளக்கமாகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. சரோஜம்மாள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பொறாமைல பேசாதீங்க. பாவம் அந்தம்மா" என்றாள். தமிழரசன் பின்னாலேயே வாசல் வரை வந்தான். "சார், எங்க மேல இருக்கற கேஸை எடுக்கணும்னு நீங்களே பழியை ஏத்துக்கறீங்கன்னு புரியுது. வேணாம் சார். உங்க வயசுக்கு நீங்க ஜெயிலுக்குப் போவ வேணாம்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனை அறையலாம் போல் இருந்தது எனக்கு.

அதனால்தான் இங்கே வந்தேன். நீங்கள் படித்தவர்கள், நம்புவீர்கள். டீசல் கேன் என் கிணற்று மேட்டு ரூமில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். என் யூனிட்டில் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஒரு கிரானைட் பலகையை வைத்து உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறேன். தமிழரசன் கேஸிலிருந்து வெளியே வந்துவிடுவான், வேலையும் கிடைத்துவிடும், அது எனக்குக் கசப்புதான். பரவாயில்லை. கெம்பம்மா கையில் ஒன்றும் இல்லை, அவள் வெறும் குடம் தூக்கியவள் என்று தெளிவாக எழுத வேண்டும். துண்டை மடித்தது நான், நெருப்பு வைத்தது நான், தண்ணீர் கேட்டுக் கத்தியதும் நான். பேப்பரில் வரும்படி செய்யுங்கள். முடிந்தால் எங்கள் ஊரில் ஒருமுறை மைக் வைத்து வாசித்துவிடுங்கள்.

ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை அம்மா, அவர்களுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான். யார் செய்தது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால் அடுத்த தையில் எருதுகள் யார் வாசலுக்கு வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.